'அதிருப்தி' அன்று, 'உடன்படாமை'

'ஆரோக்கியமான மக்களாட்சிக்கு அதிருப்தி அவசியம்' என்ற வாக்கியத்தைப் பேச்சுரிமை பற்றிய ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையில் அண்மையில் படித்தேன். மூலத்தை அறியாத ஒருவர் இதை எப்படிப் புரிந்துகொள்வார்? மக்கள் எப்போதும் மனக்குறையோடு இருந்தால்தான் நாடு நலமாக இருக்கும் என்றல்லவா பொருள் கொள்வார்? ஆங்கில மூலத்தில் இருந்த சொல் 'டிசென்ட்'. அதை 'அதிருப்தி' என்று பெயர்த்த முதல் கட்டுரை இதுவன்று. நீதிமன்ற அமர்வில் பெரும்பான்மையினரோடு சேராமல் ஒருவர் தனித் தீர்ப்பு எழுதினால் 'ஒரு நீதிபதி அதிருப்தி' என்று தலைப்பிடுகிறார்கள். நாடாளுமன்றக் கூட்டுக் குழுவின் அறிக்கையோடு உறுப்பினர்கள் இணைக்கும் மறுப்புரை 'அதிருப்திக் குறிப்பு' என்று பெயர் பெறுகிறது. அரசின் கொள்கையை ஏற்காமல் எழுதிச் சிறைக்குப் போன அறிஞர், தமிழுக்கு வந்தவுடன் 'அதிருப்தியாளர்' ஆகிவிடுகிறார். இத்தனை முறை கேட்ட பிறகும் என் காது இதற்குப் பழக மறுக்கிறது.

மூலச் சொல்லின் வரலாறு எளியது. பிரிந்து என்று பொருள்படும் 'டிஸ்' என்ற இலத்தீன் முன்னொட்டும், உணர்தல், எண்ணுதல் என்று பொருள்படும் 'சென்டீரே' என்ற வினையும் சேர்ந்து பிறந்தது அது. சேர்ந்து எண்ணுவது 'கன்சென்ட்'. பிரிந்து எண்ணுவது 'டிசென்ட்'. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசு சார்ந்த திருச்சபையை ஏற்காத சீர்திருத்தக் கிறித்தவர்களை 'டிசென்டர்' என்று அழைத்தார்கள். அவர்கள் தனியே கூடி வழிபடுவதற்கு 1689ஆம் ஆண்டின் சகிப்புச் சட்டம் ஓரளவு இடம் கொடுத்தது. இருபதாம் நூற்றாண்டில் சோவியத் அரசை ஏற்காதவர்களைக் குறித்தபோது இதற்கு நெருங்கிய பொருளுடைய 'டிசிடென்ட்' என்ற சொல் உலகெங்கும் பரவியது. 1975இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ஆந்திரேய் சகாரவ் அவர்களுள் ஒருவர். அப்படிப்பட்டவரைக் குறிக்க உருசிய மொழியிலேயே வழங்கும் சொல்லுக்கு 'வேறாக எண்ணுபவர்' என்பதே பொருள். ஆக, எந்த மொழி வழியாக வந்தாலும் இச்சொல்லின் நடுவில் இருப்பது எண்ணம்.

'அதிருப்தி'யின் நடுவில் இருப்பது வேறு. வடமொழியில் 'திருப்தி' என்பது நிறைவு. உண்டு வயிறு நிறைவதும் திருப்தியே, வேண்டியது கிடைத்து மனம் நிறைவதும் திருப்தியே. அந்த நிறைவு இல்லாத நிலை அதிருப்தி. ஒரு முடிவு தவறு என்று ஆய்ந்து சொல்வதற்கும் இதற்கும் என்ன தொடர்பு? வேண்டியது கிடைக்காதவரும் அதிருப்தியோடு இருப்பார். ஒரு காரணமும் சொல்லத் தெரியாமலேயே ஒருவர் அதிருப்தியோடு இருக்கலாம். மறுபுறம், தனிவாழ்வில் எல்லா நிறைவும் பெற்ற ஒருவர், தமக்கு நன்மையே செய்யும் ஒரு சட்டத்தைக்கூட, அது பிறருக்கு அநீதி என்பதால் ஏற்காமல் நிற்கலாம். அவரை அதிருப்தியாளர் என்பது பொருந்துமா?

ஒரு சொல்லின் உண்மையான குணத்தை அறிய அதனோடு கூடித் திரியும் வினைகளைப் பார்க்க வேண்டும். அதிருப்தியை என்ன செய்கிறோம்? தணிக்கிறோம், போக்குகிறோம். அதிருப்தியாளர்களை அழைத்துப் பேசுகிறோம், சமாதானப்படுத்துகிறோம், சரிக்கட்டுகிறோம். ஒரு பதவி கொடுத்தால் தீர்ந்துவிடுவது அதிருப்தி. 'டிசென்ட்' அப்படித் தீராது. அதற்குப் பதில் சொல்லலாம், சொல்ல முடியாவிட்டால் ஏற்கலாம், ஏற்க மனமில்லாவிட்டால் பதிவு செய்துவிட்டு மேலே போகலாம். தணிப்பது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. கருத்தை மனக்குறையாகப் பெயர்த்தவுடன், அதற்குக் காரணம் சொல்லி மறுமொழி கூற வேண்டிய கடமையிலிருந்து ஆட்சியாளர் விடுபட்டுவிடுகிறார். இந்தப் பெயர்ப்பின்மேல் எனக்குள்ள பெரிய குறை இதுதான்.

இச்சொல் எப்படி வந்தது என்று ஊகிப்பது கடினமன்று. அமைச்சர் பதவி கிடைக்காத சட்டமன்ற உறுப்பினர்கள் அணி திரளும்போது இந்திய ஆங்கில நாளேடுகள் அவர்களை 'டிசிடென்ட்' என்றன. தமிழ் நாளேடுகள் 'அதிருப்தி எம்.எல்.ஏ.க்கள்' என்றன. அந்த இடத்தில் தமிழ்தான் சரி. அவர்கள் உண்மையிலேயே அதிருப்தியாளர்கள். ஆங்கிலம்தான் ஒரு பெரிய சொல்லைச் சிறிய செயலுக்குச் செலவழித்தது. ஆனால் அந்தப் பெயர்ப்பு நிலைத்துப்போய், 'டிசென்ட்' வரும் இடமெல்லாம் 'அதிருப்தி' போடுவது வழக்கமாகிவிட்டது.

அண்டை மொழிகள் இவ்வாறு இடறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தெலுங்கில் 'அசம்மதி' என்கிறார்கள், கன்னடத்தில் 'பின்னமத', இந்தியில் 'அசஹமதி'. மலையாளத்தில் தீர்ப்போடோ அறிக்கையோடோ சேரும் குறிப்பை 'வியோஜனக் குறிப்பு' என்கிறார்கள். முதல் மூன்றிலும் உள்ள 'மத', 'மதி' எல்லாம் எண்ணத்தைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தவை. நான்காவது, சேராமையைச் சொல்கிறது. எனவே 'அதிருப்தி' வடசொல் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை. வடசொல் வேண்டாம் என்று அதை 'மனநிறைவின்மை' என்று மாற்றி எழுதும் அன்பர்களையும் கண்டிருக்கிறேன். தூய தமிழ்தான், பிழையும் தூய்மையாக அப்படியே இருக்கிறது.

ஒரு தீர்ப்பை அருகில் வைத்துப் பார்ப்போம். இந்தியாவில் நெருக்கடி நிலை நடந்துகொண்டிருந்த 1976 ஏப்ரலில், காரணமின்றிச் சிறைவைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுவோடு நீதிமன்றத்தை அணுக முடியுமா என்ற கேள்விக்கு, உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வில் நால்வர் முடியாது என்றனர். நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் முடியும் என்று எழுதினார். அடுத்த ஆண்டு, பணிமூப்பில் அவருக்குப் பின்னிருந்தவர் தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட, கன்னா பதவி விலகினார். 2017இல் அந்தரங்க உரிமை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்தபோது, அன்றைய பெரும்பான்மைத் தீர்ப்பு தவறென்று தள்ளப்பட்டது. கன்னா அன்று எழுதியதை 'அதிருப்தித் தீர்ப்பு' என்றால், அவர் ஏதோ மனம் சுணங்கி எழுதியதாகத் தொனிக்கிறது. பதவி பறிபோகும் என்று அறிந்தே எழுதியவரைச் சுணங்கியவர் என்பது அவதூறுக்குப் பக்கத்தில் போகிறது.

சரி, வேறு எந்தச் சொல்? 'எதிர்ப்பு' என்பவர்கள் உண்டு. போராட்டத்துக்கும் கண்டனத்துக்கும் அது பொருந்தும். ஆனால் எதிர்ப்பாளருக்கும் எதிரிக்கும் நடுவில் அதிகத் தொலைவில்லை. இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. உடன்படாத குடிமகனை எதிரியாகக் காண விரும்பும் அரசுக்கு நாமே சொல்லெடுத்துக் கொடுக்க வேண்டாம்.

'கருத்து வேறுபாடு' அதைவிட நல்லது, பழைய 'அபிப்பிராய பேத'த்தின் தமிழ் வடிவம். ஆனால் அது இருபுறமும் சமமாக நிற்கும் சொல். 'இருவருக்குமிடையே கருத்து வேறுபாடு' என்றால் யார் யாரிடமிருந்து விலகினார் என்பது தெரியாது. 'டிசென்ட்'டுக்குத் திசை உண்டு. ஒரு முடிவோ பெரும்பான்மையோ அதிகாரமோ முன்னால் இருக்கிறது. அதிலிருந்து ஒருவர் விலகி நிற்கிறார். நால்வரும் கன்னாவும் 'கருத்து வேறுபட்டனர்' என்று எழுதினால், அவர் தனித்து நின்றது காணாமல் போகிறது.

'மாற்றுக் கருத்து' இன்று பெருவழக்கில் இருக்கிறது, கண்ணியமாகவும் ஒலிக்கிறது. எனக்கு அதில் உள்ள தயக்கம் 'மாற்று' என்ற அடையைப் பற்றியது. மாற்றுப் பாதை, மாற்றுத் திட்டம் என்பவற்றில் போல, ஒன்றை எடுத்துவிட்டு அதன் இடத்தில் வைக்க இன்னொன்று தயாராக இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்க்கிறது. விமரிசனம் எழும்போதெல்லாம் 'அப்படியானால் உங்கள் மாற்று என்ன?' என்று கேட்டு வாயடைக்கும் பழக்கம் அரசியலில் வேரூன்றிவிட்டது. அணை உடையும் என்று சொல்கிறவர் புது அணையின் வரைபடத்தோடுதான் வர வேண்டும் என்பதில்லை. மாற்று இருந்தால் நல்லது, அது அவர் விருப்பம். இல்லாமலும் 'இது சரியன்று' என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. அந்த உரிமைக்குத்தான் சொல் தேடுகிறோம்.

தேடுவதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம் 'எழுவகை மதமே உடன்படல் மறுத்தல்' என்று தொடங்கி, பிறர் கருத்தின் முன் ஒருவர் எடுக்கக்கூடிய ஏழு நிலைகளை வரிசைப்படுத்துகிறது. இங்கே மதம் என்பது கொள்கை. உடன்படலாம், மறுக்கலாம், பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின்பு களையலாம், தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்தலாம், இருவர் மாறுபடும் இடத்தில் ஒரு பக்கம் துணியலாம், பிறர் நூலின் குற்றம் காட்டலாம், யாரோடும் சேராமல் தன் கொள்கையை மட்டும் கொள்ளலாம். நூலாசிரியருக்குச் சொன்ன இலக்கணம்தான், குடிமகனுக்குச் சொன்னதன்று. ஆனாலும் மறுத்தலும் குற்றம் காட்டலும் உடன்படலுக்குச் சமமான வரிசையில் வைத்து எண்ணப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். அவற்றுள் எதுவும் மனக்குறையாகக் கருதப்படவில்லை.

அதே சூத்திரத்தில் வரும் 'மாறுகோள்' என்ற சொல்லை மீட்கலாம் என்று சில காலம் எண்ணினேன். ஆனால் 'மாறுகொளக் கூறல்' என்பது நூற்குற்றம் பத்தில் ஒன்று. தான் சொன்னதைத் தானே முரணிச் சொல்வதைக் குறிப்பது. குழப்பம் வரும். உடன்படுதலின் மறுதலையாக 'உடன்படாமை' என்று கொள்வதே நேரானது. 'கன்சென்ட்'டும் 'டிசென்ட்'டும் ஒரே வினையிலிருந்து கிளைத்தது போலவே இவையும் கிளைக்கின்றன.

எதிர்மறைச் சொல் எப்படி ஓர் உரிமையின் பெயராகும் என்று கேட்கிறார்கள். கொல்லாமை, கள்ளாமை, வெஃகாமை, வெகுளாமை என்று திருக்குறள் அதிகாரங்களுக்கே பெயர் இருக்கும்போது இந்தக் கேள்வி எழக் கூடாது. அரசியலிலும் 1920இல் தொடங்கிய இயக்கத்துக்கு 'ஒத்துழையாமை' என்றே பெயர் வைத்தோம். யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. இன்னொரு நன்மையும் உண்டு. உடன்படாமை கருத்தளவில் நிற்பது, ஒத்துழையாமை வேலையை நிறுத்திக்கொள்வது, சட்டமறுப்பு தெரிந்தே சட்டத்தை மீறித் தண்டனையை ஏற்பது என்று மூன்றையும் தெளிவாகப் பிரித்துச் சொல்ல முடிகிறது. உடன்படாத அதிகாரி வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டே தம் மறுப்பை எழுத்தில் வைக்கலாம். வியட்நாம் போர்க் காலத்தில், 1971இல், அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஊழியர்களுக்காக இதற்கென்றே ஒரு தனி வழியை ஏற்படுத்தியது. அதற்கு 'அதிருப்தி' என்று பெயர் சூட்டினால் அது புகார்ப் பெட்டி ஆகிவிடும்.

வேறு ஒரு மறுப்பும் வரக்கூடும். 'உடம்பாடு இலாதவர் வாழ்க்கை குடங்கருள் பாம்போடு உடனுறைந் தற்று' என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே என்பார்கள். அந்தக் குறள் உட்பகை அதிகாரத்தில் இருக்கிறது. மனம் பொருந்தாமையை உள்ளே மறைத்துக்கொண்டு உடனிருப்பவரையே அது பாம்பு என்கிறது. அவையில் எழுந்து 'நான் உடன்படவில்லை' என்பவர் எதையும் மறைக்கவில்லை. காது கசக்கும் சொல்லைப் பொறுப்பவனே வேந்தன் என்று 'செவிகைப்பச் சொற்பொறுக்கும்' என்ற குறளில் அவர் சொல்வது இவர்களை மனத்தில் வைத்துத்தான்.

அரசின் வெளிப்படைத்தன்மையைப் பற்றிப் பேசும்போதும் இந்தச் சொல் தெளிவாக இருப்பது உதவும். (வெளிப்படை என்றாலே போதும், 'தன்மை' என்ற வால் எதற்கென்று தெரியவில்லை, அது வேறு கதை.) முடிவை மட்டும் அறிவிப்பது பாதி வெளிப்படை. யார் உடன்படவில்லை, ஏன் என்பதையும் வெளியிட்டால்தான் முடிவு எப்படி எடுக்கப்பட்டது என்பது மக்களுக்குத் தெரியும். 2016 முதல் இயங்கும் இந்திய ரிசர்வ் வங்கியின் நாணயக் கொள்கைக் குழுவில் அறுவர் இருக்கிறார்கள். கூட்டம் முடிந்த பதினான்காம் நாள், ஒவ்வொருவரும் எப்படி வாக்களித்தார், என்ன காரணம் சொன்னார் என்பது நடவடிக்கைக் குறிப்பாக வெளிவர வேண்டும் என்பது சட்டம். வட்டி விகிதம் பற்றி ஒருவர் கணக்குப் போட்டு மாறி வாக்களித்தால், அவருக்கு அதில் அதிருப்தி என்று எழுதுவது என்ன பொருத்தம்?

வினையாக எழுதினாலே சிக்கலில் பாதி தீரும்: 'ஒருவர் உடன்படவில்லை'. பெயராக வேண்டிய இடத்தில் உடன்படாமை, உடன்படாத் தீர்ப்பு, உடன்படாக் குறிப்பு. 'உடன்பாடின்மை' வேண்டாம், தொகுதி உடன்பாடு, வணிக உடன்பாடு என்று அச்சொல் ஒப்பந்தத்தின் பக்கம் சாய்ந்துவிட்டதால் பேச்சுவார்த்தை முறிந்தது போல ஒலிக்கும். ஆளைக் குறிக்க 'உடன்படாதவர்'. தலைப்பில் இடம் போதாது என்று துணையாசிரியர்கள் சொல்வார்கள் என்பதால் எண்ணியும் பார்த்துவிட்டேன்: 'அதிருப்தியாளர்' எட்டு எழுத்து, 'உடன்படாதவர்' எட்டு எழுத்து, 'உடன்படாதார்' ஏழே எழுத்து.