அழற்சியை வீக்கம் என்று எழுதாதீர்கள்

முகநூல் விளம்பரத்தில், பாமசி மேசையில் கிடக்கும் துண்டுப்பிரசுரத்தில், குடும்பக் குழுவில் யாரோ அனுப்பிவிடும் வாட்ஸ்அப் செய்தியில் என்று திருக்கோணமலையில் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிற தொடர் 'வீக்க எதிர்ப்புப் பெப்டைட்'. குடலுக்கு நல்லது, தோலுக்கு நல்லது என்கிறார்கள். நல்லதா என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்த 'வீக்கம்': ஆங்கில 'இன்ஃபிளமேஷன்' என்பதற்கு இவர்கள் வைத்த தமிழ் அது. பிழை, அதுவும் ஆபத்தான பிழை.

பெப்டைட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அமினோ அமிலங்கள் சில ஒன்றோடொன்று இணைந்த சிறு சங்கிலி அது. சங்கிலி நீண்டு மடிந்து உருவெடுத்தால் புரதம். 1902இல் ஜேர்மன் இரசாயனவியலாளர் எமில் ஃபிஷர் வைத்த பெயர். 'செரித்தது' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல் அதன் வேர். மூதூர், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிரிலும் பெப்டைட்டுகள் உண்டு. பாற்புரதத்தைப் பற்றீரியா உடைக்கும்போது உருவாகின்றன. இதை 'புரதக்கூறு' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். அமினோ அமிலமும் புரதத்தின் கூறுதானே? பெப்டைட் என்றே இருக்கட்டும்.

இனி இன்ஃபிளமேஷன். தீ மூட்டுதல் என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்தது. அதற்கு நேரான தமிழ்ச் சொல் அழற்சி. அழல் என்றால் தீ. முயல் என்பதிலிருந்து முயற்சியும் சுழல் என்பதிலிருந்து சுழற்சியும் வந்ததுபோல அழல் தந்தது அழற்சி. மூட்டழற்சி, தோலழற்சி, இரைப்பை அழற்சி என்று ஏற்கனவே புழங்குகிற சொல். கி.பி. முதலாம் நூற்றாண்டில் உரோமரான செல்சஸ் அழற்சிக்குச் சொன்ன அடையாளங்கள் சிவப்பு, வீக்கம், வெப்பம், வலி. நான்கில் ஒன்றைப் பிடுங்கி முழுதுக்கும் பெயர் வைத்தால் எப்படிச் சரியாகும்?

குடலை எடுங்கள். பெருங்குடல் அழற்சி உள்ளவருக்கு வயிற்றோட்டம், மலத்தோடு இரத்தம், வயிற்றுவலி. வெளியே எதுவும் வீங்கித் தெரியாததால் இந்த விளம்பரம் தனக்கில்லை என்று அவர் கடந்து போவார். சாப்பிட்டதும் வயிறு ஊதுகிறது என்பவரோ தனக்கேற்ற மருந்து என்று வாங்குவார். கரப்பனிலும் தோல் சிவந்து அரிப்பதுதான் முதலில் தெரியும்.

கால் வீக்கம் இன்னும் மோசம். இதயமோ சிறுநீரகமோ சரியாக வேலைசெய்யாமல் உடம்பில் நீர் தங்கினாலும் கால் வீங்கும். அது அழற்சியால் வருவதில்லை. ஐபுபுரோஃபன், டைக்குளோபெனாக் போன்ற மாத்திரைகள் அழற்சியைத் தணிப்பவை. ஆனால் அவை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி இந்தக் கால் வீக்கத்தைக் கூட்டக்கூடியவை, பழுதான சிறுநீரகத்தை மேலும் கெடுக்கக்கூடியவை. அந்த மாத்திரைகளுக்கும் இப்படி விளம்பரம் எழுதுபவர்கள் வைக்கும் பெயர் 'வீக்க எதிர்ப்பு மருந்து'. கால் வீங்கிய அம்மம்மா ஒருவர் இதை வாசித்தால் என்ன செய்வார்?

'அழற்சி என்றால் சனத்துக்கு விளங்காது, வீக்கம் என்றால்தான் விளங்கும்' என்பது இவர்கள் வழக்கமாகச் சொல்லும் நியாயம். பிழையாக விளங்குவதால் யாருக்கு என்ன பயன்? 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கரான டொக்டர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார். சொல்லில்லாத இடத்தில் அவர் சொல் தேடினார். இவர்களோ இருக்கிற சொல்லைத் தள்ளிவைக்கிறார்கள்.

இன்னொரு கூட்டம் அழற்சியை அலர்ஜியின் தமிழ் உச்சரிப்பு என்று நினைத்திருக்கிறது. ஒலி ஒத்துப்போவது தற்செயல். அலர்ஜி 1906இல் ஒஸ்திரிய மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கிய சொல், தமிழில் ஒவ்வாமை. ஒவ்வாமையால் அழற்சி வரலாம், அவ்வளவுதான் உறவு.

சரி, 'எதிர்ப்பு'? அதுவும் எனக்கு உவப்பில்லை. காயம் ஆறவும் கிருமியை ஒழிக்கவும் நிர்ப்பீடனம், அதாவது உடம்பின் நோயெதிர்ப்பு, தானே மூட்டுகிற தீ அழற்சி. அணைய வேண்டிய நேரத்தில் அணையாவிட்டால்தான் நோய். காய்ச்சல் தணிகிறது, தாகம் தணிகிறது என்கிறோம். அழலும் தணிவதுதான் தமிழ். ஆகவே 'அழற்சி தணிக்கும் பெப்டைட்' என்று எழுதுங்கள்.

இனி நன்மை. கேபிவி என்பது மூன்றே அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைட்; ஓமோன் ஒன்றின் வால் துண்டு. பெருங்குடல் அழற்சி உண்டாக்கப்பட்ட எலிகளில் அதைத் தணித்திருக்கிறது. எலிகளில்தான். தோல் தானே சுரக்கும் எல்எல்-37 என்ற பெப்டைட் கிருமிகளைக் கொல்லும். ஆனால் முகம் சிவக்கும் ரொசேசியா நோயில் அதுவே மிகுந்து அழற்சியைக் கூட்டுகிறது. பெப்டைட் எல்லாம் தணிப்பவை என்று எழுத முடியாது. ஆய்வில் 'உதவக்கூடும்' என்றிருப்பது விளம்பரத் தமிழுக்கு வரும்போது 'குணமாக்கும்' ஆகிவிடுகிறது. எலி காணாமல் போகிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் மருந்தாக அங்கீகரிக்காத பிபிசி-157 என்ற பெப்டைட்டையும் குடல் புண்ணை ஆற்றும் என்று அடித்துச் சொல்கிறார்கள். மொழிபெயர்ப்பவர் அந்த '-கூடும்' என்பதையும் எலியையும் விட்டுவிடாமல் எழுத வேண்டும்.