பாத்துக்கிட்டவங்களுக்கும் துக்கம் இருக்கு

இலங்கை மலையகத்துல ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் தேயிலத் தோட்டங்கள்ல படுத்த படுக்கையா இருக்குற நோயாளிகள வீடு வீடா போய் பாத்துக்குறவங்களுக்கு துக்கம் சம்பந்தமா ட்ரெயினிங் குடுக்குறேன், உளவளத்துணைதான் என் தொழில். துக்கத்தப் பத்தி ட்ரெயினிங்னு சொன்னாலே செத்த வீட்டு ஆளுங்ககிட்ட எப்படி பேசுறதுன்னு மட்டுந்தான் எல்லாரும் நெனக்கிறாங்க. பாத்துக்கிட்டவங்க மனசப் பத்தி பேச கடைசி அரை மணித்தியாலம் கெடச்சா பெரிய விசயம், அதுக்குள்ள பாதிப் பேர் பஸ்ஸுக்கு எழும்பிருவாங்க.

அந்த அரை மணித்தியாலத்துலயும் “வேலைய வேலையோட விட்டுட்டு வீட்டுக்கு போங்க”ன்னு ஒரு அறிவுரை வரும். டவுன் ஆஸ்பத்திரியில ட்யூட்டி முடிஞ்சு போறவங்களுக்கு அது சரியா இருக்கலாம், ஆனா லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுல, இருந்துக்கிட்டே நோயாளிய பாத்துக்குற புள்ள எங்க விட்டுட்டு போகும், நோயாளி இருமுற சத்தம் செவுத்துக்கு அந்தப் பக்கம் ராத்திரி பூரா கேக்குது, அந்த நோயாளி அந்தப் புள்ளைக்கு சொந்தத்துல பெரியம்மா முறை வேற.

ஒரு அக்காவப் பத்தி சொல்றேன், அடையாளம் தெரியாம மாத்தித்தான் எழுதுறேன். வாயில கேன்சர் வந்த ஒரு பாட்டிய மாசக்கணக்கா பாத்துக்கிட்டாங்க, புண்ணுக்கு மருந்து போட்டு, கரண்டியால கஞ்சி ஊட்டி. பாட்டி தவறினதும் குளிப்பாட்டுனதும் அவங்கதான், வந்தவங்களுக்கு தேத்தண்ணி ஊத்துனதும் அவங்கதான். அங்க வச்சே ஒருத்தர் “நேரத்தோட மஹரகம கேன்சர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கலாமே”ன்னு கேட்டுட்டாரு. அடக்கம் முடிஞ்ச மறுநாள் காலையில வேற ஒரு வீட்டுல வேல. ட்ரெயினிங்ல அவங்க வாய தொறந்து சொன்ன முதல் வார்த்த, “புண்ணுக்கு கட்டுன மிச்ச கோஸ் துணி பாக்கெட் எல்லாம் எங்க காம்பராவுல (லயத்து அறையில) தட்டுல இருக்கு மிஸ், குடுக்கவும் மனசில்ல, பாக்கவும் முடியல.”

குடும்பத்துக்கு எட்டு இருக்கு, பதினாறு இருக்கு, மரணாதார சங்கம் காசு குடுக்கும், சனம் வந்து உக்காரும். இந்த அக்காவுக்கு எதுவுமில்ல. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989லயே இதப் பத்தி எழுதினாரு, ஊரு துக்கம்னு ஏத்துக்காத துக்கம் உள்ளுக்குள்ளயே தங்கிரும்னு. அந்த அக்காவுக்கு நடந்தது அதேதான்.

இன்னொன்னு, துக்கத்துக்கு மறுப்புல தொடங்கி ஏத்துக்குறது வரைக்கும் அஞ்சு கட்டம்னு இன்னும் படிப்பிக்கிறாங்க. மனநல டொக்டர் குப்ளர் ரோஸ் 1969ல அத சொன்னது சாகப்போற நோயாளிகள்கிட்ட பேசி, எழவு குடுத்தவங்களுக்கு டைம்டேபிளா இல்ல. எனக்கு ட்ரெயினிங்ல உதவுறது 1999ல ஸ்ட்ரோப், ஷூட்னு ரெண்டு ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம்: மனசு ஒரு நேரம் இழப்புக்குள்ள போகும், ஒரு நேரம் அன்றாட வேலைக்குத் திரும்பும், ரெண்டும் மாறி மாறி வரும். “பாட்டி போய் ஒரு கெழம ஆகல, நான் டிவி பாத்து சிரிச்சிட்டேன், தப்பா மிஸ்?”ன்னு கேக்குறவங்களுக்கு இத சொன்னதும் மொகமே மாறிரும்.

செல்ஃப் கெயார்னு சொல்லி மூச்சுப் பயிற்சி சொல்லிக்குடுத்து அனுப்புறது மட்டும் போதாது. நோயாளி தவறினா அன்னைக்கே புது வீட்டுக்கு அனுப்பாதீங்க. அந்த வாரத்துக்குள்ள டீமா உக்காந்து, செத்தவங்க பேரச் சொல்லி, என்ன செஞ்சோம், எது மனச அரிக்குதுன்னு பேசுங்க, மார்க் போடுற மேலதிகாரி அதுல இருக்க வேணாம். தூக்கம் வரல, அந்த லயப் பக்கமே போக முடியல, எல்லார் மேலயும் எரிச்சல், இல்லன்னா எது நடந்தாலும் மரத்துப்போன மாதிரி, இப்படி வாரக்கணக்கா போனா அத சோம்பேறித்தனம்னு திட்டாம டொக்டர்கிட்டயோ உளவளத்துணையாளர்கிட்டயோ அனுப்புங்க. தேசிய மனநல லைன் 1926க்கும் கோல் எடுக்கலாம்.

ட்ரெயினிங் ஏற்பாடு பண்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள், ஞாயித்துக்கெழமையில வைக்காதீங்க, அன்னைக்குத்தான் அவங்களுக்கு வீட்டுல துணி தொவைக்கவே நேரம். வேல நாள்ல, சம்பளம் வெட்டாம, காலையில முதல் பகுதியாவே இத வைங்க.