புற்று திரும்புமா? கட்டியைச் சுற்றியுள்ள கிருமிகளும் மரபணுக்களும் சொல்லும் சேதி

நுரையீரல் புற்றுநோயை முதல் நிலையிலேயே கண்டுபிடித்து, கட்டியை முழுதாக எடுத்துவிட்டு, நிணநீர் முடிச்சுகளிலும் எதுவும் இல்லை என்று பயாப்ஸி சொன்ன பிறகும், பத்துப் பேரில் மூன்று பேர் வரை அது திரும்ப வருகிறது. இருவருக்கும் இரண்டு சென்டிமீட்டர் கட்டி, ஒரே வகைச் செல், ஒரே அறுவை என்றாலும், ஒருவர் பத்து வருடம் நலமாக இருக்கிறார், மற்றவருக்கு இரண்டாம் வருட ஸ்கேனிலேயே புதிய புள்ளி தெரிகிறது. கட்டி எவ்வளவு பெரியது, எங்கே பரவியிருக்கிறது என்பதைத்தான் நிலை சொல்லும். அதன் குணமும், அது வேர்விட்ட மண்ணின் குணமும் அந்தக் கணக்கில் வருவதில்லை. அந்த இரண்டையும் படிக்கத்தான் மரபணுக்களையும் நுண்ணுயிர்களையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

மரபணுவிலிருந்து இரண்டு வகைத் தகவல் கிடைக்கும். ஒன்று, எழுத்துப்பிழை. ஈஜிஎஃப்ஆர் மரபணுவில் குறிப்பிட்ட பிழைகள் இருந்தால் அதற்கென்றே உள்ள மாத்திரை வேலை செய்யும். கேராஸ் மரபணுவோடு எஸ்டிகே11 மரபணுவும் கெட்டிருந்தால், உடலின் எதிர்ப்புச் செல்களையே புற்றின் மேல் ஏவும் நோயெதிர்ப்புச் சிகிச்சை பெரும்பாலும் கைகொடுக்காது. இன்னொன்று, எந்த மரபணு இப்போது எவ்வளவு சத்தமாகப் பேசுகிறது என்பது. அதை ஆர்என்ஏ நகல்களை எண்ணி அறிகிறோம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது புற்றுக்கட்டிக்குப் பொருந்தாது. ஒரே கட்டியின் ஒரு மூலையில் குத்தி எடுத்த துணுக்கு ‘ஆபத்து குறைவு’ என்றும், மறு மூலைத் துணுக்கு ‘ஆபத்து அதிகம்’ என்றும் சொல்லும். பிரிட்டனில் 2014-இல் தொடங்கிய டிரேசர்எக்ஸ் ஆய்வு, ஒரே கட்டியைப் பல இடங்களில் வெட்டிப் பார்த்து இதைத் தெளிவாகக் காட்டியது. அந்தக் குழு 2019-இல் எடுத்த வழி அருமையானது. ஒரு கட்டிக்குள் எங்கே குத்தினாலும் ஒரே அளவில் பேசுகிற, ஆனால் ஆளுக்கு ஆள் மாறுகிற மரபணுக்களை மட்டும் சலித்தெடுத்தார்கள். 23 மரபணுக்கள் தேறின. ஒராக்கிள் என்ற அந்தத் தொகுப்புக்கு ஊசி எந்த மூலையில் இறங்கியது என்பது பெரிய பொருட்டில்லை.

2023-இல் நியூயார்க் பல்கலைக்கழகக் குழு கட்டியோடு நிற்காமல் அதன் அக்கம்பக்கத்தையும் பார்த்தது. தொடக்க நிலை நோயாளிகள் 147 பேரின் கட்டியிலிருந்தும், அதை ஒட்டியுள்ள, நுண்ணோக்கியில் ஆரோக்கியமாகத் தெரிகிற திசுவிலிருந்தும் ஆர்என்ஏ எடுத்தார்கள். நோய் திரும்புமா என்று கணிப்பதில் கட்டியின் ஆர்என்ஏ காட்டிய திறன் 63 விழுக்காடு. பக்கத்துத் திசு காட்டியதோ 83 விழுக்காடு. அந்தத் திசுவில் உரக்கப் பேசியவை அழற்சி சார்ந்த மரபணுக்கள். கண்ணுக்கு நல்ல திசு, உள்ளே புகைந்துகொண்டிருக்கிறது.

அந்தப் புகைச்சலுக்கு ஒரு காரணம் நம் வாயிலேயே இருக்கலாம். தூக்கத்தில் துளித்துளியாக எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவது எல்லோருக்கும் நடப்பதுதான். அதோடு வெயிலோனெல்லா, பிரெவோடெல்லா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற வாய் பாக்டீரியாக்களும் இறங்குகின்றன. இருமலும் சளியும் அவற்றை வெளியே தள்ளிவிடும். தள்ள முடியாமல் தங்கிவிட்டால் ஐஎல்-17 என்ற அழற்சிச் சமிக்ஞை கூடுகிறது, செல்லை வளரத் தூண்டும் பிஐ3கே பாதையும் முடுக்கிவிடப்படுகிறது. நியூயார்க்கில் சிகிச்சை தொடங்காத 83 நோயாளிகளிடம் செய்து 2021-இல் வெளியான ஆய்வில், கீழ் மூச்சுக்குழாயில் வாய் பாக்டீரியா மிகுந்தவர்களுக்கு நோயின் போக்கு மோசமாக இருந்தது. நுரையீரல் புற்றுள்ள எலிகளின் மூச்சுக்குழாயில் வெயிலோனெல்லா பார்வுலாவை விட்டபோது கட்டி பெருத்தது, எலிகளின் ஆயுள் குறைந்தது. மனிதரில் பார்த்தது தொடர்பு மட்டுமே. எலிச் சோதனைதான் அதைக் காரணம் என்ற இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறது.

கேட்க எளிமையாக இருக்கும், அளப்பதுதான் பெரும்பாடு. குடலில் ஒரு கிராமுக்குப் பத்தாயிரம் கோடி பாக்டீரியா. நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில ஆயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரைதான். இவ்வளவு குறைவாக இருக்கும்போது கையுறை, உப்புநீர், சோதனைக் குழாய் என்று எதிலிருந்து வரும் கிருமியும் ‘நுரையீரல் கிருமி’யாக வேடம் போடும்.

அதனால் மாதிரி எடுக்கும் வரிசை முக்கியம். மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் குழல்கருவியான பிராங்கோஸ்கோப்பை நோயாளிக்குள் விடுவதற்கு முன்பே அதன் குழல் வழியாகக் கிருமிநீக்கிய உப்புநீரைச் செலுத்தி, அந்த நீரைத் தனிக் குழாயில் பிடித்து வைக்க வேண்டும். கருவியின் சொந்த அழுக்கு என்ன என்பதற்கு அதுவே சாட்சி. குரல்நாணைத் தாண்டும்வரை உறிஞ்சக்கூடாது. உறிஞ்சினால் வாய் எச்சில் குழலில் ஏறி, கீழே எடுக்கிற ஒவ்வொரு மாதிரியிலும் கலந்துவிடும். இந்த ஆய்வில் தேடுவதே வாய் பாக்டீரியா என்பதால், இந்த ஒரு பிசகு முடிவையே பொய்யாக்கும். ஒப்பிட்டுப் பார்க்க வாய் மாதிரியும் தனியாக வேண்டும். ஆர்என்ஏவுக்கு எடுக்கும் திசுவைச் சில நிமிடங்களுக்குள் பாதுகாப்புக் கரைசலில் போட்டு, பிறகு மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். தாமதித்தால் ஆர்என்ஏ துண்டு துண்டாகிவிடும்.

ஆய்வகத்தில் பாக்டீரியாவின் 16எஸ் மரபணுவைப் படிக்கிறார்கள். ஏறக்குறைய 1,500 எழுத்து நீளம், அதில் ஒன்பது இடங்கள் இனத்துக்கு இனம் மாறும். முதலில் நுண்மணிகளோடு குலுக்கிச் செல்சுவரை உடைக்க வேண்டும். சரியாக உடைக்காவிட்டால் தடித்த சுவருள்ள பாக்டீரியாக்கள் கணக்கிலேயே வராது. பிறகு பிசிஆர், அதாவது டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்குவது. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிக்கும், 30 சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டும். நல்லதும் அப்படிப் பெருகும், அழுக்கும் அப்படியே பெருகும்.

இதை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு எளிமையாகக் காட்டியது. சால்மோனெல்லா பாங்கோரி மட்டுமே உள்ள தூய வளர்ப்பைப் படிப்படியாக நீர்க்க வைத்தார்கள். நீர்க்க நீர்க்க சால்மோனெல்லா மங்கி, டிஎன்ஏ பிரித்தெடுக்கும் ஆய்வகப் பெட்டிகளின் (கிட்) திரவங்களிலேயே இருந்த வேறு பாக்டீரியாக்கள் முன்னுக்கு வந்தன. எனவே வெறும் நீரை மட்டும் ஊற்றிய குழாய்களும் எல்லாப் படிகளையும் தாண்டி வந்தாக வேண்டும். அந்த வெற்றுக் குழாய்கள் இல்லாத ஆய்வை நம்புவது கடினம். டிபி53 மரபணுவில் பிழையுள்ள செதில்செல் வகை நுரையீரல் புற்றில் அசிடோவோராக்ஸ் என்ற பாக்டீரியா இருப்பதாக 2018-இல் வந்த கண்டுபிடிப்பையே எடுத்துக்கொள்வோம். அதே பேரினம் கிட் அழுக்குப் பட்டியலிலும் உண்டு. ஒளிரும் குறியீட்டைச் செலுத்தி, பாக்டீரியாவைத் திசுவிலேயே நேரில் பார்த்ததுதான் அந்த முடிவுக்குக் கனம் சேர்க்கிறது.

கணக்கிலும் குழி உண்டு. 33 வகைப் புற்றுகளை அவற்றில் உள்ள நுண்ணுயிரைக் கொண்டே பிரித்தறியலாம் என்று 2020-இல் வெளியான பெரிய ஆய்வு 2024-இல் திரும்பப் பெறப்பட்டது. மனித டிஎன்ஏ துண்டுகள் பாக்டீரியா என்று தவறாக எண்ணப்பட்டிருந்தன. தரவைச் சமன்செய்யும் படியோ ஒவ்வொரு புற்று வகைக்கும் தெரியாமல் ஒரு முத்திரை குத்திவிட்டது. ஒரு கிருமியும் இல்லாத இடத்தில்கூட கணினி நிரல் அந்த முத்திரையைப் படித்துச் சரியான விடை சொன்னது.

மரபணுவையும் நுண்ணுயிரையும் ஒரே கணிப்புக் கணக்கில் சேர்க்கும்போது இந்த அபாயம் கூடுகிறது. ஒரு பக்கம் 20,000 மரபணுக்கள், நூற்றுக்கணக்கான பாக்டீரியாக்கள். மறுபக்கம் 150 நோயாளிகள், அவர்களில் நோய் திரும்பியவர் 45 பேர் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் சேர்க்கும் ஓர் அம்சத்துக்கு, நோய் திரும்பியவர் பத்துப் பேராவது வேண்டும் என்ற பழைய விதிப்படி நான்கு அம்சங்களுக்கு மேல் தாங்காது. எல்லோர் தரவையும் பார்த்து மரபணுக்களைப் பொறுக்கிவிட்டு, அதே ஆட்களிடம் சோதித்தால் மதிப்பெண் பிரமாதமாகத்தான் இருக்கும். வேறு மருத்துவமனையின் நோயாளிகளிடம் போனதும் காசு சுண்டுவதற்குச் சமமான 0.5-க்கு (முழுச் சரி என்றால் 1) இறங்கிவிடும். வயது, நிலை, புகைப்பழக்கம் மூன்றும் ஏற்கெனவே சொல்வதற்கு மேல் புதிதாக என்ன சேர்ந்தது என்பதே கேள்வி. புகை பாக்டீரியாவையும் மாற்றும், நோயின் போக்கையும் மாற்றும்.

குடல் பாக்டீரியாவுக்கும் நோயெதிர்ப்புச் சிகிச்சையின் பலனுக்கும் உள்ள தொடர்புக்குச் சான்று இன்னும் திரண்டிருக்கிறது, அளப்பதும் எளிது. நோயெதிர்ப்புச் சிகிச்சையை ஒட்டி ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்குப் பலன் குறைந்ததை பிரான்சின் குஸ்தாவ் ருஸ்ஸி புற்றுநோய் மையக் குழு 2018-இல் காட்டியது. அதே குழு 2022-இல் 338 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் அக்கர்மான்சியா என்ற பாக்டீரியாவைத் தேடியது. அது இருந்தவர்களுக்குச் சிகிச்சை நன்றாக வேலை செய்தது. ஆனால் குடல் பாக்டீரியாவில் அதன் பங்கு 4.8 விழுக்காட்டைத் தாண்டியவர்களுக்கு நிலைமை தலைகீழானது. ‘இருக்கிறதா, இல்லையா’ என்று மட்டும் பார்க்கும் பரிசோதனை இவர்களை நல்ல பட்டியலில் தவறாகச் சேர்த்துவிடும்.

இன்றைக்கு மருத்துவர் எழுதிக்கொடுப்பது ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே போன்ற மரபணுப் பரிசோதனைகளும், கட்டிச் செல்களின் மேலுள்ள பிடி-எல்1 என்ற புரதத்தின் அளவும்தான். நுண்ணுயிர்ப் பரிசோதனை இன்னும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது. அதை நம்பிச் சிகிச்சையை மாற்றவோ, கடையில் புரோபயாடிக் வாங்கிச் சாப்பிடவோ கூடாது. சிகிச்சை தொடங்கும் முன் கடந்த இரண்டு மாதத்தில் எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள் சாப்பிட்டோம் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்வது இப்போதே செய்யக்கூடியது. தேவையான ஆன்டிபயாடிக்கை அதற்காக நாமாக நிறுத்திவிடவும் கூடாது.