பக்கத்தில் இருப்பதெல்லாம் பக்க இணைப்பு அல்ல

தொலைக்காட்சி ரிமோட்டின் பின்மூடியைத் திறந்தால் இரண்டு செல்கள் அருகருகே படுத்திருக்கும். ஒன்றின் தலை மேலே என்றால் மற்றதன் தலை கீழே. இது சீரீஸா (தொடரிணைப்பு), பேரலலா (பக்க இணைப்பு) என்று கேட்டால் யோசிக்காமல் 'பேரலல்' என்பவர்கள் அதிகம். நானும் அப்படித்தான் வெகுநாள் நினைத்திருந்தேன். சரியான விடை சீரீஸ். ஒரு முனையில் இருக்கும் சின்னத் தகடு, ஒரு செல்லின் நேர்முனையை மற்றதன் எதிர்முனையோடு சேர்த்துவிடுகிறது. மறுபுறம் மிஞ்சி நிற்கும் இரண்டு முனைகளுக்கு நடுவே 1.5 வோல்ட்டும் 1.5 வோல்ட்டும் கூடி 3 வோல்ட் கிடைக்கிறது.

இந்தத் தடுமாற்றத்தில் பாதிப் பழி கண்ணுக்கு, மீதி சொல்லுக்கு. ஆகவே சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் பேட்டரி. பிரெஞ்சில் அடித்தலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த சொல் இது. ஆங்கிலச் சட்டத்தில் ஒருவரை அடிப்பதற்கு இன்றும் பேட்டரி என்றுதான் பெயர். அடிப்பதிலிருந்து கோட்டையை இடிக்கும் பீரங்கிகளுக்கும், பிறகு ஒன்றாக நின்று சுடும் பீரங்கி வரிசைக்கும் அந்தப் பெயர் போனது. அங்கிருந்து மின்சாரத்துக்கு அழைத்து வந்தவர் பெஞ்சமின் பிராங்கிளின். 1749இல் லண்டனில் இருந்த பீட்டர் காலின்சனுக்கு எழுதிய கடிதத்தில், இருபுறமும் ஈயத்தகடு பதித்த 11 கண்ணாடிப் பலகைகளைச் சேர்த்துத் தான் செய்த அமைப்பை 'மின் பேட்டரி' என்கிறார். இன்றைய கணக்கில் அது பேட்டரியே அல்ல, மின்தேக்கிகளின் கூட்டம்; அதாவது, தானே மின்சாரத்தை உண்டாக்காமல், ஏற்றியதைச் சேர்த்து வைப்பவை. ஆனாலும் ஒன்று கவனிக்கத்தக்கது: மின்னேற்றும்போது ஒரு பலகையின் ஒரு பக்கத்தை அடுத்த பலகையின் மறுபக்கத்தோடு கோத்தார். ஏற்றி முடித்தபின், ஒருவகைப் பக்கங்களையெல்லாம் ஒரு கம்பியிலும் மற்றவகைப் பக்கங்களையெல்லாம் இன்னொரு கம்பியிலும் சேர்த்தார். அந்தப் பெயரைத் தாங்கிய முதல் கருவியிலேயே சீரீஸும் பேரலலும் இரண்டும் இருந்திருக்கின்றன!

உண்மையான மின்கலம் 1800இல் வந்தது. அலெசாண்ட்ரோ வோல்டா துத்தநாக வில்லை, வெள்ளி வில்லை, உப்புநீரில் நனைத்த அட்டை என்று மாறி மாறி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். பிரெஞ்சுக்காரர்கள் அதை 'பீல்' என்றார்கள், அதாவது குவியல். இத்தாலியிலும் 'பீலா'தான். தமிழில் பாடநூல்கள் தரும் 'மின்கல அடுக்கு' என்ற சொல், ஆங்கிலத்தின் பீரங்கியை விட்டுவிட்டு வோல்டாவின் வில்லைக் கோபுரத்தை அப்படியே கண்முன் நிறுத்துகிறது. மின்சுற்றுப் படத்தில் நெட்டைக் கோடும் குட்டைக் கோடும் மாறி மாறி வருமே, அதுவும் ஓர் அடுக்கின் சித்திரம்தான். 'மின்கலத் தொகுப்பு' என்றும் எழுதுகிறார்கள். அதில் பிழையில்லை, ஆனால் படம் இல்லை.

செல் என்பதற்கு லத்தீனில் சிற்றறை என்று பொருள். தமிழ் அறையை எடுக்காமல் கலத்தை எடுத்துக்கொண்டது. கலம் என்றால் பாண்டம். மரக்கலம் என்னும்போது கப்பல். இலங்கைப் பாடநூல்களில் உயிரணுவுக்கும் கலம் என்றே பெயர். மின்கலத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது: பழைய துத்தநாக-கார்பன் உலர்கலத்தில் துத்தநாகக் குவளைதான் எதிர்முனை. பாண்டமே வேலையும் செய்கிறது.

கறாராகப் பார்த்தால் ரிமோட்டில் போடுவது மின்கலம். காரில் இருப்பது மின்கல அடுக்கு. கார் பேட்டரிக்குள் சுமார் 2 வோல்ட் தரும் 6 அறைகள் கோக்கப்பட்டு 12 வோல்ட் ஆகிறது. பெட்டி போன்ற 9 வோல்ட் பேட்டரிக்குள்ளும் 1.5 வோல்ட் கலங்கள் 6 உண்டு. ஆனால் பேச்சில் எல்லாமே பேட்டரி, இல்லையென்றால் 'பேட்டரிக் கட்டை'. பேச்சைத் திருத்தப் போக வேண்டியதில்லை. எழுத்தில் மட்டும் 'இத்தனை கலங்கள் சேர்ந்த அடுக்கு' என்று பிரித்துச் சொன்னால் போதும்.

இனி இணைப்புகள். சீரீஸ் என்ற சொல்லின் லத்தீன் வேர், கோத்தலைக் குறிக்கும் வினை. தமிழின் 'தொடரிணைப்பு' அதற்கு ஒரு படி மேலே நிற்கிறது என்பேன். தொடு, தொடர், தொடை எல்லாம் ஒரே குடும்பம். பூத்தொடுப்பதும் அதே தொடுத்தல்தான். பழந்தமிழில் தொடர் என்றால் சங்கிலியும்கூட. புறநானூற்றின் 74ஆம் பாடலில் வரும் 'தொடர்ப்படு ஞமலி', சங்கிலியில் கட்டுண்ட நாய். தொடரிணைப்பின் குணமும் சங்கிலியின் குணமே: ஒரு கண்ணி அறுந்தால் ஓட்டம் முழுவதும் நிற்கும். எல்லாக் கலங்களிலும் ஒரே மின்னோட்டம் பாயும்; மின்னழுத்தம் மட்டும் கூடிக்கொண்டே போகும். பழைய செல்லோடு புதிய செல்லைக் கலந்து போடாதே என்பதும் இதனால்தான். நலிந்தது முதலில் காலியாகும், வலியவை அதன் வழியே ஓட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும், கடைசியில் நலிந்ததன் முனைகள் தலைகீழாகி அது கசியத் தொடங்கும்.

சிக்கல் பேரலலில்தான். கிரேக்கத்தில் 'ஒன்றுக்கொன்று அருகே' என்று பொருள். தமிழ்நாட்டுப் பாடநூல்களின் 'பக்க இணைப்பு' அதை நேர்மையாகவே தருகிறது. இலங்கையில் 'சமாந்தரமாக இணைத்தல்' என்பார்கள்; சம அந்தரம், அதாவது சமமான இடைவெளி. இரண்டுமே வடிவக்கணிதத்திலிருந்து வந்தவை. மின்சாரத்துக்கோ கலங்கள் எங்கே, எப்படிப் படுத்திருக்கின்றன என்பது ஒரு பொருட்டே இல்லை. எந்த முனை எந்த முனையோடு என்பதுதான் கேள்வி. நேரோடு நேர், எதிரோடு எதிர் என்றால் பக்க இணைப்பு. கலங்களை வீட்டின் நான்கு மூலைகளில் வைத்தாலும் அது பக்க இணைப்பே. நேரோடு எதிர் என்றால் தொடர்.

'இணை' என்றே வைத்திருக்கலாமே, இணைகோடு என்கிறோமே என்று கேட்கலாம். 'இணையிணைப்பு' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். நாக்கு தடுக்கும், அதோடு தமிழில் எந்த இணைப்பும் இணைப்புதானே. பக்க இணைப்பையே வைத்துக்கொள்வோம். பக்கம் என்பதை இருக்கும் இடமாக அல்லாமல், மின்னோட்டம் பிரிந்து செல்லும் பக்கவழியாகப் படிப்போம்.

பக்க இணைப்பில் மின்னழுத்தம் கூடுவதில்லை, கொள்திறன் கூடும். எத்தனை ஆம்பியர் ஓட்டத்தை எத்தனை மணி நேரம் தரும் என்ற கணக்குதான் கொள்திறன்; அதன் அளவு ஆம்பியர்-மணி. 3.6 வோல்ட், 3 ஆம்பியர்-மணி கொண்ட நான்கு லித்தியம் கலங்களை எடுத்துக்கொள்வோம். நான்கையும் தொடராகக் கோத்தால் 14.4 வோல்ட், 3 ஆம்பியர்-மணி. நான்கையும் பக்கமாகச் சேர்த்தால் 3.6 வோல்ட், 12 ஆம்பியர்-மணி. இரண்டிரண்டாகப் பக்கத்தில் சேர்த்து, அந்த இரண்டு ஜோடிகளையும் தொடுத்தால் 7.2 வோல்ட், 6 ஆம்பியர்-மணி. மூன்றிலும் வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கிப் பாருங்கள், எதிலும் ஆற்றல் 43.2 வாட்-மணிதான். இணைப்பு ஆற்றலை உண்டாக்குவதில்லை, அது எந்த உருவில் வெளியே வர வேண்டும் என்று மட்டும் முடிவு செய்கிறது.

இதிலும் ஓர் ஆபத்து உண்டு. முழுதும் ஏறிய 4.2 வோல்ட் கலத்தையும் 3 வோல்ட்டுக்கு இறங்கிய கலத்தையும் நேரடியாகப் பக்கமாகச் சேர்த்தால் வித்தியாசம் 1.2 வோல்ட். வழியில் உள்ள மொத்த மின்தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டால் அந்தக் கணமே 12 ஆம்பியர் ஒன்றிலிருந்து மற்றதற்குப் பாயும். அதனால்தான் பல கலங்களைச் சேர்த்து பேட்டரி பேக் கட்டுபவர்கள் கலங்களை முதலில் ஒரே மின்னழுத்தத்துக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிறகு சேர்க்கிறார்கள்.

அவர்கள் பேச்சில் '4 எஸ் 2 பி' என்று ஒரு குறியீடு புழங்கும். எஸ் என்பது சீரீஸ், பி என்பது பேரலல். பக்கமாகச் சேர்ந்த இரண்டு கலங்கள் ஒரு கூட்டு. அப்படி நான்கு கூட்டுகள் தொடராக, ஆக மொத்தம் 8 கலங்கள். மேலே சொன்ன கலங்களாலேயே கட்டினால் 14.4 வோல்ட், 6 ஆம்பியர்-மணி. தமிழில் '4 தொடர் 2 பக்கம்' என்று எழுதலாம், '4தொ 2ப' என்று சுருக்கவும் செய்யலாம். '2 எஸ் 4 பி' என்று திருப்பிப் போட்டாலும் அதே 8 கலங்கள்தான், ஆனால் 7.2 வோல்ட், அதற்கென்று செய்யாத கருவி அதில் ஓடாது.