பழைய கார்டும் புதிய டைரக்ட்எக்ஸும்

என்விடியாவின் ஜீஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 480 கிராபிக்ஸ் கார்டு 2010 மார்ச்சில் வந்தது. அதில் டைரக்ட்எக்ஸ் 12 ஓடும். அதே ஆண்டு டிசம்பரில் வந்த ஏஎம்டியின் ரேடியான் ஹெச்டி 6970 கார்டில் ஓடாது. இரண்டுமே டைரக்ட்எக்ஸ் 11 காலத்தவை. மூத்ததற்குக் கிடைத்த இடம் இளையதற்குக் கிடைக்காமல் போனது எப்படி?

விளையாட்டு மென்பொருள் கார்டிடம் வேலை வாங்கப் பயன்படுத்தும் கட்டளைத் தொகுப்புதான் டைரக்ட்எக்ஸ். அந்தக் கட்டளைகளைக் குறிப்பிட்ட சில்லுக்குப் புரியும்படி மாற்றித் தருவது டிரைவர். டைரக்ட்எக்ஸ் 11 வரை இந்த ஏற்பாடு கல்யாணச் சமையலை ஒப்பந்தத்துக்கு விடுவது போலத்தான் இருந்தது. ‘ஐந்நூறு இலை’ என்று சொல்லிவிட்டால் போதும். நினைவகத்தில் எதை எங்கே வைப்பது, எந்த வேலை முடிந்தபின் எதைத் தொடங்குவது என்பதையெல்லாம் டிரைவர் கவனித்துக்கொள்ளும். ஆனால் விளையாட்டு அடுத்து என்ன கேட்கும் என்பது டிரைவருக்குத் தெரியாது. பாதி ஊகம்தான். அந்த ஊகத்திலேயே கணினியின் மையச் செயலியான சிபியுவின் நேரம் கணிசமாகக் கரைந்தது.

2015 ஜூலையில் விண்டோஸ் 10 உடன் வந்த டைரக்ட்எக்ஸ் 12 அந்தப் பொறுப்பில் பெரும்பகுதியை விளையாட்டை எழுதுபவர் கையிலேயே கொடுத்துவிட்டது. சாமான் பட்டியல் முதல் பந்தி வரிசை வரை இனி அவர் பாடு. மாறியது நிர்வாகம், அடுப்பு பழைய அடுப்புதான். பழைய கார்டுகளுக்கு இடம் கிடைத்ததன் காரணம் இதுவே. விண்டோஸ் விஸ்டாவோடு வந்த டைரக்ட்எக்ஸ் 10 இப்படி இருக்கவில்லை. அது சில்லிலேயே புதிய திறன்களைக் கேட்டதால், டைரக்ட்எக்ஸ் 9 கார்டு வைத்திருந்தவர்கள் புதுக் கார்டு வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

டைரக்ட்எக்ஸ் 12-இலும் சில்லுக்கேற்ற படிகள் உண்டு. ஃபீச்சர் லெவல் என்று அவற்றுக்குப் பெயர். நுழைவதற்கு 11_0 போதும். ஜிடிஎக்ஸ் 480 அந்தப் படியில்தான் நிற்கிறது. 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 980 நிற்பது 12_1-இல். ‘டைரக்ட்எக்ஸ் 12 ஆதரவு’ என்ற ஒரே வாசகம் இரண்டுக்கும் பொருந்துகிறது என்பதால், பெட்டியில் அச்சடித்திருக்கும் அந்த எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சில்லு தகுதி பெற்றுவிட்டாலும் டிரைவரை யாராவது எழுதியாக வேண்டும். ஹெச்டி 6970 தடுக்கி விழுந்த இடம் இதுதான். ஏஎம்டி அந்தக் கார்டுக்கு அடுத்து வந்த தன் ஜிசிஎன் என்ற சில்லு வடிவமைப்புக்கு மட்டுமே டைரக்ட்எக்ஸ் 12 டிரைவர் எழுதியது. அதற்கு முந்தைய கார்டுகளை 2015 இறுதியில் பழையன பட்டியலுக்குத் தள்ளிவிட்டது. ஜிடிஎக்ஸ் 480-ஐ உள்ளடக்கிய ஃபெர்மி வரிசைக்கு 2014-லேயே வாக்குக் கொடுத்த என்விடியா, டிரைவரைத் தந்தது 2017 ஜூலையில். 2018 ஏப்ரலில் அந்த வரிசைக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்களே நின்றுவிட்டன. மூன்றாண்டு காத்திருந்தவருக்கு ஓராண்டுகூட முழுதாகக் கிடைக்கவில்லை.

கொடுத்ததைத் திரும்பப் பெற்ற கதையும் உண்டு. இன்டெல்லின் நான்காம் தலைமுறைச் சிபியுக்களில் உள்ளமைந்த கிராபிக்ஸ் தொடக்கத்தில் டைரக்ட்எக்ஸ் 12-ஐ ஓட்டியது. பின்னர் ஒரு பாதுகாப்புக் குறை தெரியவந்ததும், புதிய டிரைவரில் அந்த வசதியை இன்டெல் முடக்கிவிட்டது. சில்லு தேயவில்லை, மாறவில்லை. டிரைவரைப் புதுப்பித்தவரின் கணினியில் மட்டும் டைரக்ட்எக்ஸ் 12 கேட்கும் விளையாட்டுகள் திறக்க மறுத்தன.

உங்கள் கார்டு எந்தப் படியில் இருக்கிறது என்று பார்க்க விண்டோஸிலேயே டிஎக்ஸ்டயாக் என்ற கருவி இருக்கிறது. திறந்ததும் முதல் பக்கத்தில் ‘டைரக்ட்எக்ஸ் 12’ என்று காட்டும். பலர் அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக மூடிவிடுகிறார்கள். அது விண்டோஸைப் பற்றிய தகவல். கார்டின் ஃபீச்சர் லெவல் வரிசை அடுத்துள்ள டிஸ்ப்ளே பக்கத்தில் இருக்கிறது.