ஹப் மோட்டார் எப்போது கத்துகிறது?

தம்பியின் எலக்ட்ரிக் சைக்கிள் திடீரென்று 'கட்ரக், கட்ரக்' என்று கத்த ஆரம்பித்தது. கடைக்கு எடுத்துப் போனான். ஒரு நிமிடம்கூட கேட்கவில்லை, "மோட்டார் போச்சு, சக்கரத்தோட மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்கள். முகம் வாடித் திரும்பி வந்தவனிடம் நான் கேட்டது ஒரே கேள்விதான்: "எப்போ கத்துதுடா?"

"எப்பவுமேதான்" என்றான். அப்படி இருக்காது என்று இரண்டு பேருமாக ஆளில்லாத தெருவுக்குப் போனோம். த்ராட்டிலைத் திருகினால் சத்தம் வந்தது. விட்டுவிட்டு உருளவிட்டால் நின்றது. மோட்டாரை அணைத்துவிட்டு வெறும் காலால் மிதித்தாலும் சத்தமில்லை. அந்த ஐந்து நிமிடத்தில் பாதி வேலை முடிந்துவிட்டது. எப்படி என்று புரிய, சக்கரத்தின் நடுவில் இருக்கும் அந்தக் குடத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அந்தக் குடம்தான் ஹப் மோட்டார். அதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் கியரே கிடையாது. கம்பிச் சுருள்கள் அசையாத அச்சில் இருக்கும், காந்தங்கள் வெளிக்கூட்டின் உள்சுவரில் ஒட்டியிருக்கும், கூடுதான் சக்கரம். கருத்தில் இது மிகப் பழையது. அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் 1895-லேயே பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார் வைத்த சைக்கிளுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். இரண்டாவது வகை, நம் ஊர் 250 வாட் சைக்கிள்களில் நிறையப் பார்ப்பது: உள்ளே ஒரு சின்ன மோட்டார் வேகமாகச் சுழலும், அதன் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்ட மூன்று நைலான் கியர்கள் இருக்கும். மோட்டார் ஏறக்குறைய ஐந்து சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. கூடவே ஒருவழி கிளட்ச் ஒன்று. மோட்டார் தள்ளும்போது அது பிடித்துக்கொள்ளும். மோட்டார் நின்றதும் விட்டுவிடும், சக்கரம் தன்பாட்டுக்கு உருளும்.

தம்பியின் சைக்கிள் இந்த இரண்டாம் வகை. உருளும்போது மோட்டார் சுற்றுவதில்லை, கியர்களின் மேல் பாரமும் இல்லை. அப்போதும் வேலை செய்பவை சக்கரத்தின் பேரிங், பிரேக் டிஸ்க், ஸ்போக் கம்பிகள்தான். அப்போது அமைதியாக இருக்கிறது என்றால் அவற்றின் மேல் பழி இல்லை. மோட்டார் தள்ளும்போது மட்டும் கத்தினால், கியர், கிளட்ச், மின்சாரம் இந்த மூன்றில் ஒன்று.

சரி, திறந்தோம். கேபிளைக் கழற்றி, சக்கரத்தை இறக்கி, பக்க மூடியின் திருகுகளை எடுத்தால் கேரம் ஸ்ட்ரைக்கர் அளவில் மூன்று வெள்ளைக் கியர்கள். வெள்ளை என்று சொல்வது பழக்கத்தில்தான். காய்ந்த கிரீஸ் மை போல அப்பியிருந்தது. துணியால் துடைத்துவிட்டு ஒவ்வொன்றின் விளிம்பிலும் நகத்தை ஓட்டினேன். முதல் இரண்டில் நகம் ஒரே சீராகத் தட்டிக்கொண்டு போனது. மூன்றாவதில் ஓரிடத்தில் வழுக்கியது. வரிசையாக நான்கு பற்கள் மழுங்கி, சீவி எடுத்தது போல இருந்தன. ஐந்துக்கு ஒன்று என்ற விகிதத்தில், சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் இந்தச் சின்னக் கியர் இரண்டரைச் சுற்று சுற்றிவிடும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த வழுக்கை இடம் மோட்டார் சுழற்றும் நடுக் கியரையும் சக்கரத்தைச் சுழற்றும் வெளிப் பல்வளையத்தையும் சந்திக்கும், இடறும். அதுதான் அந்த 'கட்ரக்'.

நைலானில் ஏன் செய்கிறார்கள் என்று தம்பிக்குக் கோபம். இரும்பில் செய்தால் இதைவிடப் பெரிய இரைச்சல் எப்போதும் இருக்கும். நைலான் சத்தத்தை விழுங்கும். அதோடு அளவுக்கு மீறிப் பாரம் வந்தால் தான் தேய்ந்து மற்றதைக் காப்பாற்றும். அதன் எதிரி சூடு. மேம்பாலத்தில் நின்ற இடத்திலிருந்து முழு த்ராட்டில் கொடுத்து, மிதிக்காமல் ஏறுவது அதற்குப் பெரிய தண்டனை. மாற்றும்போது மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். தேய்ந்த இரண்டோடு புதியது ஒன்று சேர்ந்தால் பாரம் சமமாகப் பிரியாது. பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸை மெல்லிய பூச்சாகப் பூசினால் போதும். கிளட்சுக்குள் கெட்டி கிரீஸ் போகவே கூடாது. உள்ளே உருளைகள் ஒட்டிக்கொண்டால் மோட்டார் 'விர்ர்' என்று பறக்கும், சக்கரம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

கியரில்லாத வகையில் கதையே வேறு. அங்கே உரசிக்கொள்ளப் பற்களே இல்லை, ஆனாலும் பாடும். கன்ட்ரோலர் மூன்று கம்பிகளில் மாறி மாறி மின்சாரம் விட்டுக் காந்தங்களை இழுக்கிறது. சாதாரண கன்ட்ரோலர் இதை ஒரு காந்த ஜோடிக்கு ஆறு படிகளாகச் செய்யும், ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்ன உதறல். 46 காந்தங்கள், அதாவது 23 ஜோடி உள்ள மோட்டார் பரவலாக உண்டு. 26 அங்குலச் சக்கரம் 25 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஏறக்குறைய 3.35 சுற்று சுற்றும். 3.35-ஐ 23-ஆலும் 6-ஆலும் பெருக்கிப் பாருங்கள்: நொடிக்கு 460-க்குச் சற்று மேல். காதுக்குத் தெளிவாகக் கேட்கும் ஒரு சுரம். 5 கிலோமீட்டர் வேகத்தில் அதுவே 92 ஆகி, அடித்தொண்டை உறுமலாக இருக்கும். வேகம் கூடக் கூடச் சுருதியும் ஏறுவது இதனால்தான்.

இந்த உறுமல் ஏதோ ஒரு வேகத்தில் மட்டும் பெரிதாகி, அதைத் தாண்டியதும் அடங்கினால் பயப்பட வேண்டாம். தம்புராவின் குடம் தந்தியின் ஒலியைப் பெருக்குவது போல, சைக்கிளின் அலுமினியக் குழாய்கள் அந்தக் குறிப்பிட்ட சுரத்துக்கு ஒத்து அதிர்கின்றன. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை. தொல்லையாக இருந்தால் படிப்படியாக இல்லாமல் அலைபோல மின்சாரம் விடும் சைன் வேவ் கன்ட்ரோலர் போடலாம். பெருமளவு அடங்கிவிடும்.

பயப்பட வேண்டிய மின்சாரச் சத்தமும் உண்டு. கிளம்பும்போது சக்கரம் முன்னும் பின்னும் உதறி, 'டர்ர்ர்' என்று அரைத்து நகர மறுக்கும். இது இரண்டு வகையிலும் வரும். காந்தம் எங்கே இருக்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார்கள் மூன்றில் ஒன்று ஊமையாகியிருக்கும், அல்லது தடித்த மூன்று கம்பிகளில் ஒன்றின் இணைப்பு தளர்ந்திருக்கும். முதலில் கனெக்டரைப் பிரித்துப் பாருங்கள். பழுப்பேறி உருகிய முனை தெரிந்தால் குற்றவாளி கிடைத்தான். இல்லையென்றால் கனெக்டரை மறுபடி மாட்டி, சைக்கிளின் மின்சாரத்தைப் போட்டுவிட்டு மல்டிமீட்டரை எடுங்கள். சென்சாரின் கறுப்புக் கம்பிக்கும் மெல்லிய மஞ்சள், பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் நடுவே அளந்துகொண்டே சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள், கியர் வகை என்றால் பின்பக்கமாக. ஒவ்வொன்றும் 0-க்கும் 5 வோல்ட்டுக்கு அருகிலும் தாவ வேண்டும். தாவாதது எதுவோ அதுதான் ஊமை.

அந்த நிலையில் த்ராட்டிலைத் திருகித் திருகிப் பார்க்காதீர்கள், கன்ட்ரோலரும் சேர்ந்து எரியும். இன்னொன்று: கியரில்லாத மோட்டாரைக் கையால் திறக்கப் பார்க்க வேண்டாம். காந்தங்கள் விரலை நசுக்கும் வலுவுள்ளவை. இழுத்துப் பிரிக்கும் கருவியான புல்லர் இல்லாமல் தொடக்கூடாது.

மழைக்காலம் முடிந்ததும் வரும் கொரகொரப்பு பெரும்பாலும் பேரிங். கேபிள் அச்சுக்குள் நுழையும் துளைதான் தண்ணீரின் வாசல். கேபிளை அச்சுக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிட்டுப் பிறகு மேலே ஏற்றினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். பேரிங்கா என்று தெரிய, பழைய மெக்கானிக்குகள் செய்வதைச் செய்யுங்கள்: நீளமான ஸ்குரூ டிரைவரின் நுனியை அச்சின் முனையில் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு, இன்னொருவரைச் சக்கரத்தைச் சுற்றச் சொல்லுங்கள். நல்ல பேரிங் மெல்லிய 'ஸ்ஸ்' என்று போகும். துருப்பிடித்தது மணலை அரைக்கும். பேரிங்கின் பக்கத்திலேயே எண் அச்சிட்டிருக்கும், அதைச் சொன்னால் பேரிங் கடையில் கிடைக்கும்.

தம்பியின் சைக்கிளுக்குப் புது கியர் போட்டு ஓட்டிப் பார்த்தோம். 'கட்ரக்' போய்விட்டது. ஆனால் முன்பு நாங்கள் கவனிக்காமல் விட்ட ஒரு மெல்லிய 'டிக்' இப்போது கேட்டது, உருளும்போதும்கூட. 10 கிலோமீட்டர் வேகத்தில் கடிகாரத்தைப் பார்த்து எண்ணச் சொன்னேன். நிமிடத்துக்கு 80. 26 அங்குலச் சக்கரம் அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 80 சுற்றுதான் சுற்றும். அப்படியென்றால் சுற்றுக்கு ஒன்று: கியர் இல்லை, சக்கரத்தில் ஏதோ ஓரிடம். ஸ்போக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் மீட்டிக்கொண்டே வந்தான் தம்பி. எல்லாம் 'டிங்' என்றன, வால்வுக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் 'டப்' என்றது. அதன் முனையில் இருக்கும் நிப்பிள் என்ற சின்ன நட்டைக் கால் சுற்று, பிறகு இன்னொரு கால் சுற்று முடுக்கினோம். அதுவும் 'டிங்' என்றது.