ஞாயிறெல்லாம் ஓய்வு என்று எழுதிய பதிவேடு

எட்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையிலும் 'வா.ஓ.' என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில் எழுதியிருந்தது. வாராந்திர ஓய்வு என்பதன் சுருக்கம். ஏழு வண்டி, எட்டு டிரைவர், மூன்று கிளீனர், ஒரு வாட்ச்மேன். இத்தனை பேருக்கும் எல்லா ஞாயிறும் ஓய்வாம். லாரித் தொழில் தெரிந்தவர் யார் பார்த்தாலும் சிரித்துவிடுவார்கள். மும்பைக்கு ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு கிளம்பும் வண்டி, சனிக்கிழமை ராத்திரி பன்னிரண்டு அடித்ததும் ஓரமாக நின்று ஞாயிறு கொண்டாடுமா என்ன?

அந்தப் பதிவேட்டை எழுதியது என் ஆபீஸ் பையன். எழுதச் சொன்னது நான்.

நாமக்கல்லில் பதினெட்டு வருடமாக லாரி உரிமையாளர்களுக்குக் கணக்கும் தொழிலாளர் சட்டப் பதிவேடுகளும் பார்க்கிறேன். நான் ஆடிட்டர் இல்லை, ஆனாலும் ஊரில் எல்லோரும் ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். இங்கே பலருக்குப் பதிவேடு என்பது ஆய்வுக்கு வருகிறவர் கேட்டால் நீட்டுவதற்கு ஒரு நோட்டு, அவ்வளவுதான். மாதக் கடைசியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் மொத்தத்தையும் நிரப்பிவிடலாம். நானும் பல வருடம் அப்படித்தான் செய்தேன்.

பிறகு அந்த எட்டு டிரைவரில் ஒருவர் விடிகாலையில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் கண் அசந்து, வண்டியைத் தடுப்பில் ஏற்றிவிட்டார். உயிர் தப்பியது, வலது கால் நொறுங்கியது. இழப்பீட்டோடு, ஓய்வு நாளில் வேலை பார்த்ததற்கான சம்பளத்தையும் கேட்டார். நாங்கள் பதிவேட்டை நீட்டினோம். அவருடைய வக்கீல் அந்த வண்டியின் ஃபாஸ்டேக் கணக்கை எடுத்து வைத்தார். 'வா.ஓ.' போட்டிருந்த ஒரு ஞாயிறு அதிகாலை மூன்றே முக்காலுக்கு வண்டி சித்ரதுர்கா பக்கம் ஒரு டோல்கேட்டைத் தாண்டியிருக்கிறது. அடுத்த ஞாயிறு கோலாப்பூர் பக்கம். விபத்துக்கு முன்னால் பதினான்கு நாளாக ஒரு முழு நாள்கூட வண்டி நிற்கவில்லை, அதை ஓட்டியதும் அவர் ஒருவர்தான். பதிவேடு பொய் என்றானதும் எங்கள் சம்பளக் கணக்கையும் யாரும் நம்பவில்லை. அது உண்மையான கணக்கு. இருந்தும் என்ன பிரயோஜனம்?

சரி, சட்டம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம்தான் நெடுங்காலம் அடிப்படையாக இருந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. நெடுந்தூர ஓட்டமென்றால் உரிய அதிகாரியின் அனுமதியோடு நாளுக்கு 10, வாரத்துக்கு 54 வரை போகலாம் என்று இருந்தது. தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை பார்த்தால் அரை மணி நேரமாவது இடைவேளை. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் தொடங்குவதற்குள் பொதுவாக ஒன்பது மணி நேரம் விடாமல் ஓய்வு. ஏழு நாளில் ஒரு நாள் வார ஓய்வு.

இந்த ஏழுக்கு ஒரு விலக்கு உண்டு. எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்வது இதைத்தான். போக்குவரத்து தடைபடாமல் இருக்க, ஓய்வு நாளிலும் முதலாளி வேலைக்குக் கூப்பிடலாம். ஆனால் ஒரு முழு நாள் விடுப்பு இல்லாமல் பத்து நாளுக்கு மேல் தொடர்ந்து ஓட்டவைக்கக் கூடாது. இந்தப் பத்தைக் கேள்விப்பட்ட சில முதலாளிகள், பத்து நாளைக்கு ஒரு ஓய்வு கொடுத்தால் போதும் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அப்படியில்லை. பறிபோன ஓய்வு நாள் கடனாக நிற்கும். அந்த மாதத்துக்குள், இல்லாவிட்டால் அடுத்த இரண்டு மாதத்துக்குள், ஈட்டு விடுப்பாகத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். 1961 சட்டத்தில் ஓய்வு நாள் வேலைக்கு இரட்டிப்புச் சம்பளமும் இருந்தது.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1961 சட்டம், பணிப் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய தொகுப்புக்குள் போய்விட்டது. வாரத்துக்கு ஆறு நாள்தான் வேலை என்பது, மோட்டார் தொழிலுக்கான பத்து நாள் உச்சவரம்பு, இரண்டு மாத ஈட்டு விடுப்பு மூன்றும் அதில் அப்படியே இருக்கின்றன. பெரிய மாற்றம் ஆள் கணக்கில். முன்பு ஐந்து தொழிலாளர் இருந்தாலே சட்டம் பொருந்தும், இப்போது பத்துப் பேர் வேண்டும். 'அப்ப நமக்கு இல்லீங்களே' என்று மூன்று வண்டி மட்டும் வைத்திருக்கும் சிலர் சந்தோஷமாகப் போன் செய்தார்கள். டிரைவரை மட்டும் எண்ணினால் ஆகாது என்று சொன்னேன். கிளீனர், புக்கிங் கிளார்க், வாட்ச்மேன் எல்லோரும் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆம் பிரிவும் இருக்கிறது. சரக்கு வண்டி ஓட்டுகிறவரின் வேலை நேரத்தைப் பற்றிப் பேசும் அந்தப் பிரிவு, முதலாளியிடம் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று கேட்பதில்லை.

இனி முக்கியமான சங்கதி. எது ஓய்வு?

முதலாளிமார்கள் என்னிடம் அதிகம் சொல்லும் வாக்கியம் இது: 'வண்டி பிவண்டியில ரெண்டு நாளா நிக்குதுங்க, டிரைவர் சும்மாதான் படுத்திருக்கான், அதை ரெஸ்ட்டுனு எழுதிக்குங்க.' மேலுக்கு நியாயமாகத்தான் தெரியும். வண்டி ஓடவில்லை, டிரைவரும் படுத்திருக்கிறார். ஆனால் அந்த இரண்டு நாளை டிரைவரிடம் கேட்டுப் பாருங்கள். பிவண்டி மும்பைக்குப் பக்கத்து ஊர். அங்கே குடோன் வாசலில் நாற்பது வண்டி வரிசை. முன்னால் ஒரு வண்டி நகர்ந்தால் இவரும் நகர்த்தியாக வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குக்கூட குடோன் ஆள் 'டமில்நாடு காடி' (தமிழ்நாட்டு வண்டி) என்று கதவைத் தட்டுவான். குளிக்கப் போனால் முறை போய்விடும். டீசல் திருடன், ஸ்டெப்னி திருடன், தார்ப்பாயைக் கிழிக்கிறவன் என்று காவலும் இவர்தான். கிளீனர் இருந்த காலத்தில் ஒருவர் மாற்றி ஒருவராவது தூங்கினார்கள். இப்போது பெரும்பாலான வண்டிகளில் டிரைவர் தனி ஆள்.

சட்டத்தில் இதற்கு நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. வண்டி நாளின் தொடக்கத்தில் இயங்க ஆரம்பித்ததிலிருந்து கடைசியில் நிற்கும் வரை ஓட்ட நேரம். நடுவே அதிலிருந்து கழிக்கக்கூடியது, ஓட்டுகிறவர் தன் இஷ்டப்படி செலவிடக்கூடிய நேரம் மட்டும்தான், அதுவும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் நீளமாக இருந்தால். பாரம் ஏற்றுவது, இறக்குவது, வண்டியைப் பழுதுபார்ப்பது, கணக்கு ஒப்படைப்பது, பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது எல்லாம் துணை வேலை, அதாவது வேலை. ஆக 'வண்டி நின்றதா' என்று நான் கேட்பதை விட்டுவிட்டேன். 'சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுக் கோயிலுக்கோ சினிமாவுக்கோ போக முடிந்ததா' என்று கேட்கிறேன். முடியாது என்றால் அது காத்திருப்பு. காத்திருப்பை ஓய்வுக் கட்டத்தில் எழுதமாட்டேன். இதனால் இரண்டு வாடிக்கையாளர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். போகட்டும்.

டிரைவர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ஓய்வு வேண்டாம் என்று முதலில் சொல்வது பல நேரம் அவர்கள்தான். சம்பளம் நடைக்கு இவ்வளவு, அல்லது வாடகையில் இவ்வளவு பங்கு என்று இருக்கும்போது, ஓய்வு நாள் என்றால் வருமானம் இல்லாத நாள். 'வூட்டுல உக்காந்தா சோறு யாருங்க போடுவா' என்று ஒரு பெரியவர் கேட்டார். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல? ஓய்வு நாளுக்கும் ஒரு தொகை என்று முதலாளி ஒப்புக்கொள்ளாத வரையில் பதிவேட்டில் உண்மை ஏறாது. என்னிடம் கணக்குப் பார்க்கும் நான்கு உரிமையாளர்கள் நடைச் சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்து, ஓய்வு நாளுக்கு நிலையான படி என்று மாற்றினார்கள். முதல் மாதம் எல்லோரும் முணுமுணுத்தார்கள். மூன்றாவது மாதம் டிரைவர்களே தேதியை ஞாபகப்படுத்தத் தொடங்கிவிட்டார்கள்.

எழுதும் முறையையும் மாற்றினோம். இதற்கென்று தனி ஆப் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு டிரைவரிடமும் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்று. தேதி, வண்டி எடுத்த நேரம், நிறுத்திய நேரம், இடம், என்ன செய்தேன். கடைசிக் கட்டத்தில் நான்கே எழுத்து: 'ஓ' ஓட்டம், 'பா' பாரம் அல்லது பழுது, 'கா' காத்திருப்பு, 'வி' விடுப்பு. ராத்திரி படுப்பதற்கு முன் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து ஆபீஸ் எண்ணுக்கு அனுப்ப வேண்டும். அன்றன்றைக்கு எழுதுவதுதான் இதில் உயிர். ஒரு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் எல்லோரும் காலை ஆறு மணிக்கு வண்டி எடுத்து ராத்திரி பத்து மணிக்கு நிறுத்தியிருப்பார்கள்!

திங்கட்கிழமை காலை ஆபீஸில் அந்தப் பக்கங்களையும் ஃபாஸ்டேக் குறுஞ்செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2021 பிப்ரவரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலை டோல்கேட்களில் ஃபாஸ்டேக் கட்டாயம் என்பதால், ஒவ்வொரு வண்டியும் தன் நாட்குறிப்பைத் தானே எழுதிக்கொண்டிருக்கிறது. அதில் ஒரு எச்சரிக்கை: ஃபாஸ்டேக் வண்டியைச் சொல்லும், ஓட்டியவரைச் சொல்லாது. ஹூப்ளியில் டிரைவர் மாறியிருந்தால் அது நோட்டில்தான் தெரியும். தேசிய பெர்மிட் வண்டிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதி 2018-ல் நீக்கப்பட்ட பிறகு, ஆள் மாற்றுகிறவர்கள் குறைவு. மாற்றுகிறவர்கள் அதைக் கட்டாயம் எழுதிவையுங்கள்.

விடுப்பு நாளைக் கடன் கணக்குப் போலப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பறிபோன ஞாயிறு இத்தனை, திருப்பிக் கொடுத்தது இத்தனை, பாக்கி இத்தனை, கெடு எந்தத் தேதி. லாரி வாங்கியவர்களுக்கு இ.எம்.ஐ. தேதி சொல்லியா தெரிய வேண்டும், இதுவும் உடனே பிடிபட்டுவிட்டது. தொடர்ச்சியாக எட்டாவது நாள் ஆனதும் ஆபீஸிலிருந்து லோடு பிடித்துத் தரும் புரோக்கருக்கு ஒரு போன்: இந்த வண்டிக்குத் திரும்பு லோடு பிடிக்காதீர்கள், அல்லது வேறு டிரைவரை அனுப்புகிறோம். பத்தாவது நாளில் யோசித்தால் வண்டி நாசிக்கில் வெங்காயத்தோடு நிற்கும். அழுகும் சரக்கு ஏற்றிய வண்டியை எந்த முதலாளியும் நிறுத்தமாட்டார்.

சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில்லைக் காட்டி டிரைவரை விரட்டுவதும் நடக்கிறது. சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கெடு. நாமக்கல்லிலிருந்து மும்பை ஏறத்தாழ 1,250 கிலோமீட்டர், ஆக ஏழு நாள் கிடைக்கும். அந்தக் கெடுவுக்குள் தூங்கி எழுந்தே போகலாம். அவசரம் பில்லில் இல்லை, புரோக்கரின் வாயில் இருக்கிறது.

எங்கள் டிரைவர் ஒருவர் போலந்துக்கு லாரி ஓட்டப் போயிருக்கிறார். அங்கே வண்டியில் ஓடிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் தானே பதியும் டாக்கோகிராஃப் என்ற கருவி. தன் பெயரில் ஒரு அட்டை, அதைச் செருகித்தான் ஓட்ட வேண்டும். ஆறு நாள் கடப்பதற்குள் வார ஓய்வு ஆரம்பித்தாக வேண்டும், முழு வார ஓய்வு என்றால் தொடர்ச்சியாக 45 மணி நேரம். 24 மணி வரை குறைக்கலாம், குறைத்ததைப் பிறகு மொத்தமாக ஈடுகட்ட வேண்டும். அந்த 45 மணி நேரத்தை கேபினுக்குள் படுத்துக் கழிக்கக் கூடாது. சோதனையில் நிறுத்தினால் அன்றைய நாளோடு முந்தைய 56 நாள் பதிவையும் காட்ட வேண்டும். 'இங்க பொய் எழுத வழியே இல்லைணே' என்று போனில் சிரித்தார். அங்கேயும் அட்டை மாற்றி ஓட்டி மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

உண்மையான பதிவு முதலாளிக்கு எதிரான சாட்சி என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். டிரைவர் குடும்பத்துக்கு அது என்ன என்பதற்கு ஒரு வழக்கு. டெல்லியிலிருந்து ஜார்க்கண்டின் நிமியாகாட் வரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போன ஒரு லாரி டிரைவர், வழியில் உடம்பு முடியாமல் சாலையோர ஹோட்டலில் வண்டியை நிறுத்தி, அங்கேயே மயங்கி இறந்துபோனார். விபத்து எதுவும் இல்லை. சாவு வேலையால் வந்ததா, தானாக வந்ததா என்பதுதான் கேள்வி. நெடுந்தூரம் ஓட்டிய வேலையின் அழுத்தத்துக்கும் சாவுக்கும் தொடர்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் ஏற்றுக்கொண்டு இழப்பீடு கொடுக்கச் சொன்னது. எத்தனை நாள், எவ்வளவு தூரம், எங்கே தூங்கினார் என்பதை எழுதிவைத்த நோட்டு வீட்டில் இருந்தால், அந்தத் தொடர்பைக் காட்டக் குடும்பம் அலைய வேண்டியதில்லை. அதனால்தான் நிரம்பிய நோட்டை ஆபீஸில் வாங்கி வைத்துக்கொள்வதில்லை. படம் எங்களுக்கு, நோட்டு அவர்களுக்கு.

போன வாரம் வந்த பக்கங்களில் ஒன்று, இருபத்தாறு வயதுப் பையன் எழுதியது: 'புனே. காலை 9 முதல் மறுநாள் மாலை 4 வரை கா. வரிசையில் 17-ஆவது வண்டி. தூக்கம் 3 மணி நேரம்.' கீழே புரோக்கர் சொன்ன அடுத்த லோடின் நேரம், மாலை ஐந்து. நான் புரோக்கரைக் கூப்பிட்டேன். லோடு மறுநாள் காலைக்குத் தள்ளிப்போனது. கோபித்துக்கொண்டுதான் வைத்தார்.